யார் பெயரில் தேவதை?

1935இல் லண்டனில் எடுக்கப்பட்ட ஒரு வண்ணப்படம். தலையைச் சுற்றிப் பாம்புகள், நிலைகுத்திய பார்வை. தலைப்பு: 'திருமதி எட்வர்ட் மேயர், மெடூசாவாக'. பார்வையாலேயே கல்லாக்கும் மெடூசாவுக்கும் கணவர் பெயர்தான் முகவரி! அதைப் படித்ததும், என் பெயரே இல்லாமல் 'திருமதி' என்று வீட்டுக்கு வந்த அழைப்பிதழ்கள் நினைவுக்கு வந்தன.

படமெடுத்தவர் யெவோண்ட். 1893இல் வசதியான குடும்பத்தில் பிறந்தவர். பதின்வயதிலேயே பெண்களின் வாக்குரிமைப் போராட்டத்தில் இறங்கினார். சொந்தச் சம்பாத்தியம் இல்லாத சுதந்திரம் நிலைக்காது என்று உணர்ந்து தொழில் தேடினார். வாக்குரிமை இதழில் வந்த ஒரு விளம்பரம் அவரைப் புகைப்படத்துறைக்கு அழைத்து வந்தது. புகழ்பெற்ற லாலி சார்ல்ஸிடம் பயின்றார். 1914இல், 21 வயதில், அப்பா கொடுத்த 250 பவுனில் சொந்த ஸ்டுடியோ திறந்தார். 1920இல் எட்கர் மிடில்டனை மணந்த பிறகும் தொழிலில் 'மேடம் யெவோண்ட்' என்றே நின்றார். தந்தை பெயரும் இல்லை, கணவர் பெயரும் இல்லை.

வண்ணப்படத்தை அன்று பலர் மலிவானதாகக் கருதினார்கள். அவரோ விவெக்ஸ் முறையைத் துணிந்து கையாண்டார். ஒரே காட்சியை மூன்று வடிகட்டிகள் வழியே மூன்று தகடுகளில் பதிந்து, பிறகு ஒன்றுசேர்க்கும் முறை அது. 1935இல் நடந்த ஒரு விருந்துக்குச் சீமாட்டிகள் கிரேக்கத் தேவதைகளாக வேடமிட்டு வந்தார்கள். அதிலிருந்து பிறந்ததுதான் 'தேவதைகள்' வரிசை.

அவர்கள் நம்மையும் ஆண்ட வர்க்கத்துப் பெண்கள். வீனஸாக நின்ற டயானா மிட்ஃபோர்ட், பின்னர் பிரிட்டிஷ் பாசிசத் தலைவர் மோஸ்லியை மணந்தவர். இந்தப் படங்களை வெறும் பெண் விடுதலையாகக் கொண்டாட எனக்கு மனம் வரவில்லை. ஆனாலும் ஒன்று உறுத்துகிறது. 1935இல் டயானா முதல் கணவரிடமிருந்து விவாகரத்துப் பெற்றிருந்தார். அப்போதும் படத்தின் தலைப்பு அவரை 'திருமதி பிரையன் கின்னஸ்' என்றே சொன்னது. பணமும் பட்டமும் இருந்த பெண்ணுக்கே இதுதான் நிலை.

1939இல் கணவர் இறந்தார். அதே ஆண்டு போர் மூள, விவெக்ஸ் நிறுவனமும் மூடப்பட்டது. யெவோண்ட் கறுப்பு வெள்ளைக்குத் திரும்பி, முதுமையிலும் உழைத்து, 1975இல் மறைந்தார். 2023இல் லண்டன் தேசிய உருவப்பட அருங்காட்சியகம் மீண்டும் திறக்கப்பட்டபோது அங்கே அவர் படங்களின் பெரிய கண்காட்சி நடந்தது. வாசலில் இருந்தது அவர் தொழிலில் ஈட்டிய பெயர்: யெவோண்ட்.