உலராத மை: சார்லஸ் மிங்கஸ்

1962 அக்டோபர் 12 இரவு. நியூயார்க் டவுன் ஹால் மேடையில் முப்பது பேர் அளவிலான ஒரு ஜாஸ் குழு. அவர்களோடு இன்னும் சிலர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் கையில் வாத்தியம் இல்லை, பேனா இருந்தது. அன்றைக்கு வாசிக்க வேண்டிய இசைக்குறிப்புகளை அப்போதுதான் நகல் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒலிப்பதிவு நிறுவனம் நிகழ்ச்சித் தேதியை ஐந்து வாரம் முன்னால் இழுத்துவிட்டது. எழுதியது பாதி, ஒத்திகை அதிலும் பாதி. மை உலராத தாள்கள் கைமாறின. வாசித்தார்கள், நிறுத்தினார்கள், திரும்பத் தொடங்கினார்கள். பிடிக்காதவர்கள் காசைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள் என்று இசையமைப்பாளரே கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார். கடைசியில், குழு வாசித்துக்கொண்டிருக்கும்போதே திரையை இறக்கிவிட்டார்கள்.

அந்த இசையமைப்பாளர் சார்லஸ் மிங்கஸ். ஜாஸ் உலகின் பெரிய சொதப்பல்களில் ஒன்றாக அந்த இரவைச் சொல்வார்கள். எனக்கென்னவோ, மிங்கஸைப் புரிந்துகொள்ள அங்கிருந்து தொடங்குவதே சரி என்று படுகிறது. தலைக்குள் கேட்கும் இசையை இன்னொருவர் கைக்குக் கொண்டுபோய்ச் சேர்ப்பது எப்படி? இந்த ஒரு கேள்வியோடுதான் மனுஷன் ஆயுசு முழுக்க மல்லுக்கட்டினார்.

1922இல் அரிசோனாவின் நோகேல்ஸில் ஒரு ராணுவ முகாமில் பிறந்தார். அப்பா ராணுவ சார்ஜென்ட். பிறந்த சில மாதங்களில் அம்மா இறந்துபோனார். வளர்ந்தது லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில். வீட்டில் தேவாலய இசைக்கு மட்டுமே அனுமதி. ஆனாலும் வானொலியில் ட்யூக் எல்லிங்டனின் குழுவைக் கேட்டுவிட்டான் பையன். கேட்டபிறகு பழைய மாதிரி இருக்க முடியவில்லை.

முதலில் ட்ராம்போன், பிறகு செல்லோ. செல்லோதான் அவன் மனசுக்குப் பிடித்தது. ஆனால் சிறுவயதில் கிடைத்த பாடம் அரைகுறை. காதால் கேட்டு வாசிப்பான். தாளைப் பார்த்து வேகமாக வாசிக்க வராது. உள்ளூர் இளைஞர் ஆர்க்கெஸ்ட்ராவுக்குள் நுழைய முடியாமல் போனது அதனால்தான். கறுப்பனாகப் பிறந்துவிட்டு எவ்வளவு நன்றாக வாசித்தாலும் செவ்வியல் இசையில் உனக்கு இடம் கிடையாது, பேசாமல் டபுள் பேஸுக்கு மாறிவிடு என்று நண்பர் பட்டி காலெட் சொன்னதாக மிங்கஸ் பின்னாளில் எழுதினார். மாறினார். நியூயார்க் பில்ஹார்மானிக்கில் முதன்மை பேஸ் கலைஞராக இருந்த ஹெர்மன் ரைன்ஷாகனிடம் வருஷக்கணக்கில் பயின்றார். டபுள் பேஸ் என்பது ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும் வாத்தியம். குழுவின் பின்வரிசையில் நின்று தாளத்தையும் சுரத்தின் அடித்தளத்தையும் தாங்கும். பெரும்பாலானோர் அதைத் தனியாகக் கவனிக்கக்கூட மாட்டார்கள். மிங்கஸ் அதைப் பேச வைத்தார், கத்த வைத்தார், அழ வைத்தார்.

எழுதவும் செய்தார். 1939இல், பதினேழு வயதில், 'தி சில் ஆஃப் டெத்' என்று ஆர்க்கெஸ்ட்ராவுக்காக ஒன்றை எழுதினார். அது ஒலிப்பதிவானது 1971இல். ஒரு தாள் தன் சத்தத்துக்காக முப்பத்திரண்டு வருஷம் காத்திருந்தது.

இடைப்பட்ட காலத்தில் வயிற்றுப்பாடு. லூயி ஆம்ஸ்ட்ராங், லியோனல் ஹாம்ப்டன் குழுக்களில் வாசித்தார். வேலை கிடைக்காதபோது லாஸ் ஏஞ்சலிஸ் தபால் துறையில் வேலை பார்த்தார். ரெட் நார்வோ 1950இல் அவரைத் தன் மூவர் குழுவுக்கு அழைத்துப்போனார், பெயர் கிடைத்தது. மறுவருஷம் நியூயார்க்கில் தொலைக்காட்சி நிகழ்ச்சி என்று வந்ததும் அவர் இடத்தில் ஒரு வெள்ளையரை நிறுத்தினார்கள். மிங்கஸ் குழுவைவிட்டே வெளியேறினார். 1953இல், சின்ன வயசிலிருந்து கனவு கண்ட எல்லிங்டன் குழுவில் இடம் கிடைத்தது. சில நாட்கள்தான். ட்ராம்போன் கலைஞர் ஹுவான் டிசோலோடு கைகலப்பு. எல்லிங்டனே அவரை வெளியே அனுப்ப வேண்டியதாயிற்று.

இதற்குள் ஒன்று புரிந்திருந்தது. அடுத்தவர் குழுவில் நின்றால் தன் இசை வெளியே வராது. 1952இல் ட்ரம்ஸ் கலைஞர் மேக்ஸ் ரோச்சோடு சேர்ந்து 'டெப்யூ' என்று சொந்தமாகவே ஓர் ஒலிப்பதிவு நிறுவனம் தொடங்கினார். பிறகு 'ஜாஸ் வொர்க்ஷாப்' என்ற பெயரில் தன் குழுவை நடத்தினார். அதில் அவர் கண்டுபிடித்த வழி விசித்திரமானது: எழுதித் தருவதைக் குறைத்துக்கொள்வது. ஒவ்வொருவருக்கும் அவரவர் பகுதியைப் பியானோவில் வாசித்துக் காட்டுவார், வாயால் பாடிக் காட்டுவார். தாளைப் பார்த்து வாசிப்பவன் மையைத்தான் வாசிக்கிறான், காதில் வாங்கியவன் தன்னுடையதையும் சேர்த்துத் தருவான் என்பது அவர் எண்ணம். செல்லோ காலத்தில் தாள் வாசிக்கத் தடுமாறிய பையன் தன் குறையையே ஒரு முறையாக மாற்றிவிட்டார் என்று எனக்குத் தோன்றும்.

அந்த முறையின் விளைச்சலைக் கேட்க 1959இல் வந்த 'மிங்கஸ் ஆ உம்' போதும். அந்த மார்ச்சில் சாக்ஸபோன் மேதை லெஸ்டர் யங் இறந்திருந்தார். அவர் எப்போதும் அணியும் தட்டைத் தொப்பியின் பெயரில் 'குட்பை போர்க் பை ஹாட்' என்று ஓர் இரங்கல். இத்தனை மெதுவாக நகரும் துக்கத்தை அதே ஆல்பத்தின் 'ஃபேபிள்ஸ் ஆஃப் ஃபாபஸ்' பக்கத்தில் வைத்துக் கேளுங்கள். 1957இல் ஆர்கன்சாவின் லிட்டில் ராக்கில் ஒன்பது கறுப்பின மாணவர்கள் பள்ளிக்குள் நுழையாமல் தடுக்கத் தேசியக் காவல்படையை நிறுத்தியவர் ஆளுநர் ஓர்வல் ஃபாபஸ். அவரை ஒரு கோமாளி நடை மெட்டில் நடக்கவிட்டார் மிங்கஸ். அந்த ஆல்பத்தில் சொற்கள் கிடையாது. கொலம்பியா நிறுவனம் அனுமதிக்கவில்லை என்பார்கள். அடுத்த வருஷமே கேண்டிட் என்ற சிறு நிறுவனத்துக்காக ட்ரம்ஸ் கலைஞர் டானி ரிச்மண்டோடு கேள்வி பதிலாகக் கூவிக்கூவி, சொற்களோடு பதிவு செய்துவிட்டார்.

இந்தக் கோபத்தைக் கொண்டாடுவது சுலபம். ஆனால் கோபம் ஆளுநர்கள் மேல் மட்டும் பாயவில்லை. டவுன் ஹால் கச்சேரிக்குச் சில நாட்கள் முன்னால், ஜிம்மி நெப்பர் அதற்கான வேலையில் மிங்கஸுக்கு உதவிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காக உடன் வாசித்த ட்ராம்போன் கலைஞர், வெள்ளையர். இன்னும் கொஞ்சம் எழுதித் தா என்று கேட்டபோது நெப்பர் மறுத்தார். மிங்கஸ் அவர் வாயில் குத்தினார். பல் உடைந்தது. ட்ராம்போன் உதட்டில் வாழும் வாத்தியம்; நெப்பருக்கு மேல் ஸ்தாயியில் கிட்டத்தட்ட ஓர் ஆக்டேவ் போயிற்று. வழக்கு நடந்தது, தண்டனை விதித்து நிறுத்தி வைத்தார்கள். அதாவது, தன் இசையை இன்னொருவர் கையில் சேர்க்கப் பாடுபட்ட மனிதர், அப்படிச் சேர்ந்த ஒருவரின் இசையை உடைத்தார். இதற்கு மேதைமை சமாதானம் ஆகாது. பல வருஷம் கழித்து நெப்பர் மறுபடி அவரோடு வாசித்தார். அது நெப்பரின் பெருந்தன்மை, மிங்கஸின் கணக்கில் எழுத வேண்டியதல்ல.

டவுன் ஹாலுக்குப் பிறகு மூன்றே மாதம். 1963 ஜனவரியில் பதினொரு பேரை வைத்து 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி'யைப் பதிவு செய்தார். ஆல்பத்தின் பின்னட்டைக் குறிப்பு ஒன்றை எழுத அவர் தேர்ந்தெடுத்தது தன் மனநல ஆலோசகரை! 1964இல், உடன் வாசித்த எரிக் டால்ஃபி பெர்லினில், 36 வயதில், கண்டறியப்படாத சர்க்கரை நோயால் இறந்தார். 1966இல் நியூயார்க் வீட்டிலிருந்து மிங்கஸ் வெளியேற்றப்பட்டார். சாமான்களும் வாத்தியமும் தெருவுக்கு வருவதைத் தாமஸ் ரைக்மனின் ஆவணப்படத்தில் பார்க்கலாம். எழுபதுகளில் மீண்டு வந்தார். 'பினீத் தி அண்டர்டாக்' என்ற சுயசரிதை 1971இல் வந்தது.

1977இல் நரம்புகளைச் செயலிழக்கச் செய்யும் ஏ.எல்.எஸ். நோய் என்று தெரிந்தது. விரல்கள் ஓய்ந்தன. அப்போதும் நிறுத்தவில்லை. டேப் ரெக்கார்டரில் வாயால் பாடிப் பதிவு செய்தார், மற்றவர்கள் எழுதிக்கொண்டார்கள். வொர்க்ஷாப்பில் தானே விரும்பி எடுத்த வழி இப்போது மிஞ்சிய ஒரே வழி ஆகிவிட்டது. 1978 ஜூனில் வெள்ளை மாளிகையில் ஜாஸ் கலைஞர்களுக்கு ஒரு விருந்து. சக்கர நாற்காலியில் இருந்த அவருக்காகக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. அழுதுவிட்டார். ஜனாதிபதி கார்ட்டர் போய் அணைத்துக்கொண்டார். 1979 ஜனவரி 5, மெக்சிகோவின் க்வெர்னவாகாவில் இறந்தார். வயது 56. அவர் விருப்பப்படி மனைவி சூ மிங்கஸ் இந்தியா வந்து அஸ்தியைக் கங்கையில் கரைத்தார்.

அவர் போன பிறகு வீட்டில் இருந்த காகிதங்களைப் பட்டியலிட்டபோது ஆண்ட்ரூ ஹோம்ஸி என்ற ஆய்வாளர் ஒரு பெரிய கையெழுத்துப் பிரதியைக் கண்டார். இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஓடும் படைப்பு. தலைப்பு 'எபிடாஃப்', அதாவது கல்லறை வாசகம். டவுன் ஹாலில் அன்று மை உலராமல் கைமாறியவற்றில் சில இதன் பகுதிகள்தான்.

1989 ஜூன் 3 அன்று நியூயார்க் லிங்கன் சென்டரில், குந்தர் ஷுல்லர் நடத்த, அது அரங்கேறியது. ட்ராம்போன் வரிசையில் பிரிட் உட்மன் இருந்தார். வாட்ஸ் தெருக்களில் மிங்கஸோடு வளர்ந்த நண்பர், 1962 அக்டோபர் இரவிலும் அதே வரிசையில் உட்கார்ந்தவர். இந்த முறை ஒத்திகை பார்த்திருந்தார்கள். யாரும் நடுவில் திரையை இறக்கவில்லை. உட்மன் கடைசிவரை வாசித்தார்.