கையொப்பம் இல்லாத வட்டிக் கணக்கு

பத்தாயிரம் டாலரைச் சேமிப்பில் போட்டால், ஆண்டுக்கு 3 சதவீதம் கூட்டு வட்டியில் முதல் வருட முடிவில் எவ்வளவு கிடைக்கும்? 300 டாலர். என் கவுண்டருக்கு வருகிற பூக்காரம்மா மனக்கணக்காகவே சொல்லிவிடுவாள். அமெரிக்காவின் சிநெட் என்ற இணையப் பத்திரிகையில் வந்த ஒரு கட்டுரை, 10,300 டாலர் சம்பாதிப்பீர்கள் என்றது. போட்ட அசலையும் வருமானத்தில் சேர்த்துவிட்டது. 25,000 டாலர் கார்க் கடனுக்கு 4 சதவீதம் என்றால் வருடா வருடம் 1,000 டாலர் வட்டி என்றும் சொன்னது. தவணை கட்டக் கட்ட அசல் குறையும், அதோடு வட்டியும் குறையும் என்பது அதற்குத் தெரிந்திருக்கவில்லை. எழுதியது செயற்கை நுண்ணறிவு இயந்திரம்.

கணக்குத் தப்பியது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை. நானும் தப்பாகப் போட்டிருக்கிறேன். உறுத்துவது கட்டுரையின் தலைமேல் இருந்த பெயர்: 'சிநெட் மணி ஸ்டாஃப்'. அப்படி ஒரு ஆள் கிடையாது. பெயரைச் சொடுக்கிப் பார்த்தால்தான், இது தானியங்கி முறையில் தயாரானது, ஆசிரியர் ஒருவர் சரிபார்த்தார் என்ற வாசகம் தென்படும். வங்கியில் ஐம்பது ரூபாய் வவுச்சருக்குக்கூடப் போட்டவர் ஒருவர், பார்த்தவர் ஒருவர். கணினி வந்து இனிஷியலின் இடத்தில் எண் உட்கார்ந்த பிறகும் இரண்டு ஆட்கள் என்பது மாறவில்லை. தப்பு வந்தால் யாரைக் கூப்பிடுவது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

இந்தக் கட்டுரைகள் 2022 நவம்பரில் தொடங்கின. 2023 ஜனவரியில் ப்யூச்சரிஸம் என்ற தளம் விஷயத்தை வெளியே கொண்டுவந்தது. மாதக் கடைசியில் சிநெட் ஒப்புக்கொண்ட கணக்கு: மொத்தம் 77 கட்டுரைகள், 41-இல் திருத்தம்.

இயந்திரம் வந்து பத்திரிகையின் நம்பகத்தைக் கெடுத்துவிட்டது என்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். 1833-இல் பெஞ்ஜமின் டே நியூயார்க்கில் 'சன்' பத்திரிகையை ஒரு செண்டுக்கு விற்றார். மற்றவை ஆறு செண்டு விற்ற காலம் அது. விலையில் விட்டதை விளம்பரத்தில் பிடித்தார். அதிலிருந்து பத்திரிகைக்காரன் இரண்டு சரக்கு விற்கிறான்: வாசகனுக்குச் செய்தி, விளம்பரக்காரனுக்கு வாசகன். 1835-இல் அதே சன், சந்திரனில் வௌவால் மனிதர்கள் வாழ்வதாகத் தொடர் வெளியிட்டது. அப்பட்டமான புளுகு. ஆனால் அந்தப் புளுகுக்கு ரிச்சர்ட் ஆடம்ஸ் லாக் என்று ஒரு கர்த்தா இருந்தான். பிற்பாடு அவனே ஒப்புக்கொள்ளவும் செய்தான்.

சிநெட் 1994-இல் தொடங்கியது. மின்சாதனங்களைக் கையில் வைத்துப் பார்த்து எழுதிய ஆட்களால் அதற்குப் பெயர் வந்தது. 2008-இல் சிபிஎஸ் அதை 180 கோடி டாலருக்கு வாங்கியது. 2020-இல் ரெட் வென்ச்சர்ஸ் 50 கோடிக்கு வாங்கியது. பின்னதன் தொழில் ஒருவகைத் தரகு. கட்டுரை வழியாகப் போய் வாசகன் கடன் அட்டைக்கு மனுப்போட்டால் கமிஷன். அதற்குப் பக்கம் கூகுள் தேடலில் மேலே வர வேண்டும். பழைய நல்ல பெயர் அதற்கு உதவும். ஆக, காசு கொடுத்து வாங்கியது பெயரை. அதன் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பது வெறும் செலவினம். செலவைக் குறைக்க இயந்திரம் வந்து சேர்ந்தது. வட்டியில் சாப்பிடுகிறவர்களையும் அசலில் கைவைக்கிறவர்களையும் கவுண்டரில் தினம் பார்க்கிறேன்.

2023 நவம்பரில் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டடின் முறை. 1955-இல் கென்டக்கி குதிரைப் பந்தயம் பற்றி ஃபாக்னர் எழுதிய பத்திரிகை. 2019-இல் ஒரு பிராண்ட் வியாபார நிறுவனம் 11 கோடி டாலருக்கு அதன் பெயரை வாங்கி, நடத்தும் உரிமையை வேறொருவருக்குக் குத்தகை விட்டிருந்தது. அதன் தளத்தில் சாமான்களுக்கு மதிப்புரை எழுதிய 'ட்ரூ ஓர்ட்டிஸ்' என்பவர் பிறக்கவே இல்லை. அவர் முகம் இயந்திரம் வரைந்த முகங்களை விற்கும் தளத்தில் விற்பனைக்கு இருந்தது. (நம்மிலும் ஒருவரே நாலு பெயரில் எழுதி இதழை நிரப்பியது உண்டு. நாலு பேரையும் திட்டினால் ஒரே ஆளுக்கு வலிக்கும்.) கட்டுரைகளை எழுதியது மனிதர்களே என்று சப்ளை செய்த கம்பெனி சொன்னதாகப் பத்திரிகை தரப்பு விளக்கம் தந்தது. இருக்கலாம். எந்த மனிதர்கள்?

சிநெட்டை ஆதாரமாகக் காட்டலாமா என்று விக்கிப்பீடியாவின் சம்பளமில்லாத ஆசிரியர்கள் விவாதித்தார்கள். இயந்திரம் நுழைந்த 2022 நவம்பரில் ஒரு கோடு கிழித்தார்கள். அதற்குப் பின் வந்தவை நம்பத்தக்கவை அல்ல. இன்னொரு கோட்டையும் கிழித்தார்கள், 2020 அக்டோபரில், சிநெட் ரெட் வென்ச்சர்ஸின் கைக்குப் போன மாதத்தில். அதற்கு முந்தியதைத்தான் தயங்காமல் ஏற்றார்கள். 2024-இல் ஸிஃப் டேவிஸ் நிறுவனம் சிநெட்டை வாங்கியபோது விலை 10 கோடி டாலருக்குச் சற்று மேல்.