சைதாப்பேட்டையில் ஒரு கள்ளித் தோட்டம்

கும்மிடிப்பூண்டி சிப்காட்ல வேலை பார்க்கிற நண்பன் ஒருத்தன் எனக்கு ஒரு போட்டோ அனுப்பினான். வரப்பு ஓரத்துல தூண் தூணா எழுந்து நிக்கிற கள்ளி. கூடவே, பெரு நாட்டுல பழங்குடிகள் புனிதமா வளர்க்கிற தூண் கள்ளியைப் பத்தின ஒரு வீடியோ. "டேய், ரெண்டும் ஒண்ணுதானே? நம்ம ஊர்லயே இருக்கு, நாம ஏன் கண்டுக்கல?"ன்னு கேள்வி.

ரெண்டும் ஒண்ணு இல்லை. முதல்ல இதைத் தெளிவா சொல்லிடறேன், ஏன்னா இதுல குழப்பிக்கிட்டா உடம்புக்கு ஆபத்து.

பெருவுல இருக்கிறது கேக்டஸ் குடும்பம். ஆண்டிஸ் மலையில சவின் தே வாந்தார்னு ஒரு பழைய கோயில் நகரம் இருக்கு. கிறிஸ்து பிறக்கிறதுக்குப் பல நூற்றாண்டுகள் முன்னாடி கட்டினது. அங்கே ஒரு கல் சிற்பத்துல தெய்வ உருவம் ஒண்ணு இந்தத் தூண் கள்ளியைக் கையில பிடிச்சபடி நிக்குது. ஸ்பானியர் வந்து மதம் மாத்தினதுக்கு அப்புறமும் வைத்தியர்கள் இந்தச் செடியை விடல. பேரை மட்டும் 'சான் பெத்ரோ'ன்னு மாத்திக்கிட்டாங்க. சொர்க்கத்தின் சாவி புனித பேதுருவோட கையில இருக்கு இல்லையா, அந்தக் கணக்கு. அதுல மெஸ்கலின் என்கிற பொருள் இருக்கு, மனசைக் கலைச்சுப் போடும். இந்தியாவுல மெஸ்கலின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் கீழ் வருது.

நண்பன் அனுப்பின போட்டோவில் இருந்தது சதுரக்கள்ளி. வேற குடும்பம். உடைச்சா பால் வரும், பெரும்பாலான கேக்டஸ்ல அப்படி வராது. அந்தப் பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து. கள்ளிப்பாலை எதுக்குப் பயன்படுத்தினாங்கன்னு தமிழ்நாட்டுல யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சங்கப் பாடல்கள்ல சுடுகாட்டு வர்ணனையில வர்ற கள்ளியும் இந்த வகையறாதான். தண்ணி இல்லாத ரெண்டு கண்டங்கள்ல, சம்பந்தமே இல்லாத ரெண்டு குடும்பங்கள் ஒரே மாதிரி உடம்பை வளர்த்துக்கிச்சு, அவ்வளவுதான்.

கேக்டஸ் எல்லாமே அமெரிக்கக் கண்டத்துக்குச் சொந்தம். மரக்கிளையில தொங்கி வளர்ற ஒரே ஒரு வகை ஆப்பிரிக்காவிலும் இலங்கையிலும் இருக்கு, அதை விட்டுடலாம். அப்போ, சின்ன வயசுல நாம பழம் பறிச்சு, நடுவுல இருக்கிற முள்ளை எடுத்துட்டு, வாயெல்லாம் சிவக்கத் தின்ன சப்பாத்திக்கள்ளி? அதுவும் வந்தேறிதான். அதோட சொந்தக்காரச் செடிகளும் ஒரு தேசத்துக்குப் புனிதமானவை. அந்தப் புனிதச் செடியை மெட்ராஸ்ல வளர்க்கப் பார்த்த கதைதான் இந்த எபிசோட்.

மெக்சிகோ கொடியைப் பாருங்க. கள்ளி மேல ஒரு கழுகு. 1325 வாக்குல மெஷிகா மக்கள், பாறையில முளைச்ச கள்ளி மேல கழுகு உட்கார்ந்த இடத்தைத் தங்கள் தெய்வம் காட்டினதா நம்பி அங்கே தலைநகர் கட்டினாங்க. அந்த ஊரோட பேர் தெனோச்தித்லான். பேருக்குள்ளேயே பாறையும் கள்ளிப்பழமும் இருக்கு. அந்தக் கள்ளி மேல வெள்ளையா மாவு பூத்த மாதிரி ஒரு பூச்சி ஒட்டிக்கிட்டு இருக்கும். நசுக்கினா ரத்தச் சிவப்பு. அவங்க மொழியில அதுக்குப் பேரே 'கள்ளிப்பழத்தின் ரத்தம்'.

ஸ்பானியர்கள் இந்தச் சாயத்தைக் கப்பல் கப்பலா ஐரோப்பாவுக்கு அனுப்பினாங்க. மெக்சிகோவிலிருந்து போன சரக்குல வெள்ளிக்கு அடுத்த இடம் இதுக்குத்தான். கோச்சினீல்னு பேர். அரை கிலோவுக்குக் கொஞ்சம் குறைவான சாயப்பொருளுக்கு ஏறக்குறைய 70,000 பூச்சி வேணும். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளோட சிவப்புக் கோட்டு இந்தச் சாயத்துலதான் தோய்ஞ்சுது. சிப்பாய்களுக்கு மலிவான வேர்ச் சாயம். பூச்சியை உயிரோட வெளியே விடாம ஸ்பெயின் கட்டிக் காத்தது. 1777-ல தியெரி த மெனோன்வில்னு ஒரு பிரெஞ்சுக்காரர் ஒஹாகா வரைக்கும் போய்ச் செடியையும் பூச்சியையும் கடத்திட்டு வந்தார். தனி சினிமாவே எடுக்கலாம், ஆனா நாம மெட்ராஸுக்கு வருவோம்.

மெட்ராஸ்ல ஜேம்ஸ் ஆண்டர்சன்னு ஸ்காட்லாந்து டாக்டர் ஒருத்தர். கிழக்கிந்தியக் கம்பெனியோட மருத்துவத் தலைவர். 1786-ல கடற்கரைப் பக்கம் புல்லுல ஒரு பூச்சியைப் பார்க்கிறார். நசுக்கினா சிவப்பு. இதுதான் கோச்சினீல்னு முடிவு பண்ணி, லண்டன்ல இருந்த ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் மேல கடிதம். அதையெல்லாம் அச்சடிச்சு மெட்ராஸ்ல விநியோகம் வேற பண்ணார். அவரை எனக்குப் பிடிக்கும். ஆர்வக் கோளாறு, ஆனா நேர்மையான ஆர்வக் கோளாறு.

அது வேற பூச்சின்னு பேங்க்ஸ் சொல்லிட்டார். ஆனா யோசனை கம்பெனிக்குப் பிடிச்சுப் போச்சு. ஸ்பெயினோட ஏகபோகத்தை உடைக்கலாமே! லண்டன் கியூ தோட்டத்துலருந்து கள்ளி வந்துச்சு. சைதாப்பேட்டையில தோட்டம் போட்டாங்க. மெக்சிகோ மொழியில கள்ளிக்கு நோபல்னு பேர், அதனால தோட்டத்துக்கு நோபல்ரி. ஆண்டர்சனோட உறவினர் ஆண்ட்ரூ பெரி பொறுப்பாளர். அடையாற்றங்கரை ஊர்ல வரிசை வரிசையா கள்ளி வளருது, பூச்சி மட்டும் இன்னும் வரல. சர்வர் ரெடி, சாஃப்ட்வேர் கப்பல்ல வரும்னு காத்திருக்கிற நிலைமை.

1795-ல நீல்சன்னு ஒரு கேப்டன், வர்ற வழியில ரியோ டி ஜெனிரோவுல பூச்சியோட கள்ளியைப் பார்த்து எடுத்துட்டு கல்கத்தாவுக்கு வந்தார். பயணத்துல தப்பிச்சது கொஞ்சம்தான். அங்கே தாவரத் தோட்டத்துல வெவ்வேறு கள்ளிகள் மேல விட்டுப் பார்த்தாங்க. பூச்சி ஒரே ஒரு வகையிலதான் ஒட்டிச்சு: எல்லாரும் நாட்டுக் கள்ளின்னு நினைச்சுக்கிட்டு இருந்த வேலிக் கள்ளி. அதுவும் தென் அமெரிக்காவிலிருந்து முன்னாடியே வந்ததுதான். பாண்டிச்சேரியைச் சுத்தி பிரெஞ்சுக்காரங்க போட்டிருந்த முள்வேலி அரண்லயும் கள்ளி இருந்துச்சு.

கல்கத்தாவிலிருந்து பூச்சி பரவுச்சு, சாயமும் எடுத்தாங்க. தரம் மட்டம். காரணம் எளிமையானது. நீல்சன் கொண்டுவந்தது காட்டுப் பூச்சி. ஒஹாகாவில் மக்கள் தலைமுறை தலைமுறையா வளர்த்தது வேற இனம்: உருவத்துல பெருசு, உடம்பு மேல வெறும் மாவு, சாயமும் அதிகம். காட்டுப் பூச்சி சின்னது, பஞ்சு மாதிரி நூலைப் போர்த்திக்கிட்டு இருக்கும்.

ஒஹாகா விவசாயிக்கு இந்த வித்தியாசம் அத்துப்படி. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல விட மாட்டாங்க, ஏன்னா காட்டுப் பூச்சி கள்ளியையே கொன்னுடும். சினைப் பூச்சியைச் சின்னக் கூடுகள்ல வெச்சுச் செடியில மாட்டுவாங்க. மழையிலிருந்தும் பனியிலிருந்தும் காப்பாத்துவாங்க. வால் முடித் தூரிகையால ஒவ்வொண்ணா தட்டி எடுப்பாங்க. இந்த அறிவு எதுவும் கப்பல்ல ஏறல. செடியும் பூச்சியும் சரக்கு, வளர்த்தவங்க கணக்குலயே இல்லை. இந்தத் தோல்விக்கு மெட்ராஸ் மழையையோ மண்ணையோ குறை சொல்றதை நான் ஏத்துக்க மாட்டேன். தப்பான பூச்சியை வெச்சுக்கிட்டு எந்த ஊர்ல வளர்த்தாலும் இதுதான் நடந்திருக்கும்.

1800-ல நோபல்ரியை மூடிட்டாங்க. முந்தின வருஷம்தான் திப்பு விழுந்திருந்தார். பெஞ்சமின் ஹைனே பொறுப்புல இருந்த பெங்களூர் லால்பாக்குக்குச் செடிகள் போச்சு. ஆண்டர்சன் 1809-ல இறந்தார். சென்னை செயின்ட் ஜார்ஜ் கதீட்ரல்ல அவருக்குச் சிலை இருக்கு, பிரபல சிற்பி சாண்ட்ரி செஞ்சது.

பூச்சி மட்டும் நிக்கல. ஒஹாகாவில் பயந்தது இங்கே நடந்துச்சு. வட இந்தியாவிலும் மத்திய இந்தியாவிலும் அது வேலிக் கள்ளியைத் தின்னே தீர்த்துச்சு. ஆனா கள்ளியை ஒழிக்கணும்னு நினைச்சவங்களுக்கு இது வரமா தெரிஞ்சுது. 1836-லருந்து 1838-க்குள்ள அதே பூச்சியைத் தெற்கே கொண்டுவந்து வேணும்னே விட்டாங்க. 1865-க்குக் கொஞ்சம் முன்னாடி இலங்கைக்கும் போச்சு. பூச்சியை இறக்குமதி செஞ்சு ஒரு களையை ஒழிச்சதுல உலகத்துலயே முதல் வெற்றி இதுதான்னு உயிரியலாளர்கள் சொல்றாங்க. சாயத்துக்காக வந்த சரக்கு களைக்கொல்லியா வேலை செஞ்சுது.

அதோட முடியல. தெற்கே இன்னொரு கள்ளி பரவிக்கிட்டு இருந்துச்சு. மஞ்சள் பூ, கனமான முள்ளு. நாம இன்னிக்குச் சப்பாத்திக்கள்ளின்னு சொல்றது பெரும்பாலும் இதைத்தான். முதல் பூச்சி இதைச் சீண்டக்கூட இல்லை. புறம்போக்கு, மேய்ச்சல் நிலம், வேலி ஓரம்னு எல்லாத்தையும் வளைச்சுது. ஆடு மாடு நுழைய முடியாது, வெட்டிப் போட்டா ஒவ்வொரு துண்டும் தனியா வேர் விடும்.

1926-ல இலங்கையிலிருந்து வேற ஒரு கோச்சினீல் இனத்தைக் கொண்டுவந்தாங்க. இலங்கைக்கு அது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்திருந்துச்சு. சில வருஷத்துல மெட்ராஸ் மாகாணத்துல அந்தக் கள்ளிக்காடு சரிஞ்சுது. இப்போ திருவள்ளூர்ப் பக்கம் ரோட்டோரத்துல சப்பாத்திக்கள்ளி கண்ணுல பட்டா, தண்டுல வெள்ளைப் பஞ்சு ஒட்டியிருக்கான்னு பாருங்க. இருந்தா ஒரு குச்சியால நசுக்குங்க. விரல் வேண்டாம், குட்டி முள் ஏறிடும். குச்சி நுனி கருஞ்சிவப்பா மாறும்.