பெயர்ப்பலகையும் பட்டறையும்

2018 ஜூன் மாதம் பிரான்சின் லெ மான் நகரில் நடந்த 24 மணி நேரப் பந்தயத்தில், ஜிடிஇ ஆம் (‘அமெச்சூர்’ என்பதன் சுருக்கம்) என்ற பிரிவை 77-ஆம் எண் தாங்கிய ஒரு போர்ஷே 911 வென்றது. அணியின் பெயர் டெம்ப்ஸி-புரோட்டான் ரேசிங். பெயரின் முன்பாதிக்கு உரியவர் பேட்ரிக் டெம்ப்ஸி. ‘கிரேஸ் அனாட்டமி’ தொலைக்காட்சித் தொடரில் டாக்டர் டெரெக் ஷெப்பர்டாகப் பத்து ஆண்டுகள் வந்துபோன அமெரிக்க நடிகர். ஆனால் அந்தக் காரை அன்று ஓட்டிய மூவரில் அவர் இல்லை. ஆஸ்திரேலியாவின் மேட் கேம்ப்பெல், அப்போது 18 வயதே ஆன பிரெஞ்சு இளைஞர் ஜூலியன் ஆண்ட்லவர், ஜெர்மனியின் கிறிஸ்டியன் ரீட் ஆகியோர்தான் ஓட்டினார்கள். டெம்ப்ஸி லெ மானில் கடைசியாக ஓட்டியது 2015-இல். நடிகர் பெயரில் ஓர் அணி என்றதும், அவர் நன்றாக ஓட்டுவாரா, எவ்வளவு பணம் போட்டார் என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். இந்த இரண்டு கேள்விகளையும் வைத்துக்கொண்டு அப்படிப்பட்ட அணிகளின் வரலாற்றைப் புரிந்துகொள்ள முடியாது என்பது என் கருத்து. நடிகர் வருவதற்கு முன்பே அங்கே ஒரு பட்டறை இருந்ததா, அவர் விலகிய பின்னும் அது கார் ஓட்டியதா என்று பார்க்க வேண்டும். இருந்த இடங்களில் அணி நிலைத்தது. இல்லாத இடங்களில் இரண்டு மூன்று ஆண்டுகளில் கடை மூடப்பட்டது.

முதலில், நெடுநேரப் பந்தயத்தில் நடிகருக்கு என்ன வேலை என்பதைத் தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். ஃபார்முலா 1-இல் ஒரு காருக்கு ஒரே ஓட்டுநர். அங்கே கத்துக்குட்டிக்கு இடமில்லை. லெ மான் அப்படிப்பட்ட களமல்ல. ஒரே காரை மூன்று பேர் மாற்றி மாற்றி ஓட்ட வேண்டும். ஒருவர் மொத்தமாக 14 மணி நேரத்துக்கு மேல் ஓட்டக் கூடாது. ஆகவே இருக்கைகள் எப்போதும் மிகுதி, அவற்றை நிரப்பப் பணம் எப்போதும் பற்றாக்குறை. 1923-இல் தொடங்கிய இந்தப் பந்தயத்தை ஆரம்ப காலத்திலேயே தூக்கி நிறுத்தியவர்கள் வசதி படைத்த பொழுதுபோக்கு ஓட்டுநர்கள். வைரச் சுரங்கச் சொத்துக்கு வாரிசான உல்ஃப் பர்னாட்டோ பென்ட்லி நிறுவனத்தையே தன் கைக்குக் கொண்டுவந்து, 1928, 1929, 1930 என்று தொடர்ந்து மூன்று முறை அங்கே வென்றார். பணக்காரர் காசு கொடுத்து இருக்கை வாங்குவது இந்த விளையாட்டில் பின்னால் வந்து சேர்ந்த கேடு என்று நினைப்பவர்கள் அவரை மறந்துவிடுகிறார்கள். பிற்காலத்தில் சர்வதேச மோட்டார் சம்மேளனமான எஃப்ஐஏ இதை விதியாகவே எழுதிவிட்டது. ஓட்டுநர்களைப் பிளாட்டினம், கோல்டு, சில்வர், பொழுதுபோக்கு ஓட்டுநர்களுக்கான பிரான்ஸ் (வெண்கலம்) என்று தரம் பிரித்தது. ஜிடிஇ ஆம் பிரிவுக் கார் ஒவ்வொன்றிலும் ஒருவராவது பிரான்ஸ் தரத்தவராக இருக்க வேண்டும் என்றது. நடிகர் வந்து உட்கார்ந்தது அந்த நாற்காலியில்தான். அது அவருக்காகப் போடப்பட்டதல்ல.

டெம்ப்ஸிக்கு முன்பும் ஹாலிவுட்காரர்கள் வந்திருக்கிறார்கள். 1966-இல் வெளியான ‘கிராண்ட் பிரி’ படத்தில் நடித்தபோது ஜேம்ஸ் கார்னருக்குப் பந்தயப் பித்து பிடித்தது. அமெரிக்கன் இன்டர்நேஷனல் ரேசர்ஸ் என்ற அணியை அவர் தொடங்கினார். 1968-இல் ஃபுளோரிடாவின் டேடோனா 24 மணி நேரப் பந்தயத்துக்குக் கார்வெட்டுகளுடன் போனார்கள். அடுத்த ஆண்டு லோலா டி70 கார்களுடன் திரும்பி வந்தார்கள். 1969-இன் அந்தப் பந்தயம் விசித்திரமானது. வெல்லும் என்று எல்லோரும் நம்பிய போர்ஷே 908 கார்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகி நின்றன. ரோஜர் பென்ஸ்கி அணியின் லோலா, புகைக்குழாய் விரிசலைச் சரிசெய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் பிட் என்ற பழுதுபார்க்கும் இடத்தில் கிடந்தும் முதலில் வந்தது. எட் லெஸ்லியும் லோதர் மோட்ஷன்பாக்கரும் ஓட்டிய கார்னர் அணிக் கார் இரண்டாவதாக வந்தது. புதிய அணிக்கு இது பெரிய சாதனை. ஆனால் இங்கே கவனிக்க வேண்டியது வேறு. முதலில் வந்ததும் இரண்டாவதாக வந்ததும் ஒரே லோலா டி70 ரகம். இரண்டில் ஒன்றின் பின்னால் பென்ஸ்கியின் நிரந்தரப் பட்டறை இருந்தது. மற்றொன்றின் பின்னால் ஒரு நடிகரின் ஆர்வம் இருந்தது. பென்ஸ்கி அணி இன்றும் ஓடுகிறது. கார்னரின் அணி அந்த ஆண்டோடு முடிந்தது. மிஞ்சியது ‘தி ரேசிங் சீன்’ என்ற ஆவணப்படம்.

ஸ்டீவ் மெக்வீனின் கதை இன்னும் சுருக்கமானது. 1970 மார்ச்சில் செப்ரிங் 12 மணி நேரப் பந்தயத்தில் அவருடைய சோலார் புரொடக்ஷன்ஸ் என்ற படக் கம்பெனியே ஒரு போர்ஷே 908-ஐ இறக்கியது. மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் முறிந்த இடது காலில் மாவுக்கட்டோடு மெக்வீன் ஓட்டினார். பெரும்பகுதியை ஓட்டியவர் பீட்டர் ரெவ்சன். மரியோ ஆண்ட்ரெட்டியின் ஃபெராரியிடம் அரை நிமிடத்துக்கும் குறைந்த இடைவெளியில் தோற்று இரண்டாவதாக வந்தார்கள். சில மாதங்கள் கழித்து அதே கார் கேமராக்களைச் சுமந்துகொண்டு லெ மானில் ஓடியது, ‘லெ மான்’ படத்துக்காக. காப்பீட்டு நிறுவனம் அனுமதிக்காததால் மெக்வீன் அதில் ஓட்டவில்லை. படம் முடிந்தது, பந்தய அணியும் முடிந்தது. ஒரு படக் கம்பெனியிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பதும் நியாயமில்லை.

இந்த இருவரிடமிருந்தும் பால் நியூமேன் வேறுபட்டவர். திறமையில் மெக்வீனை மிஞ்சினாரா என்று பேசுவது பொழுதுபோக்கு. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் எப்போதும் அடுத்தவர் பட்டறைக்குப் போனார் என்பதே. கனெக்டிகட்டில் டட்சன் கார் விற்றுக்கொண்டிருந்த பாப் ஷார்ப்பின் அணியில் பல ஆண்டுகள் ஓட்டினார். 1979-இல் 54 வயதில் டிக் பார்பரின் போர்ஷே 935-இல் லெ மானுக்குப் போனார். உடன் ஓட்டியவர்கள் பார்பரும், ஜெர்மானியத் தொழில்முறை ஓட்டுநர் ரோல்ஃப் ஷ்டொமலனும். மழை கொட்டிய அந்தப் பந்தயத்தில் முன்னால் போய்க்கொண்டிருந்த கிரெமர் அணியின் கார், எரிபொருள் செலுத்தும் பம்ப்பின் பெல்ட் அறுந்து ஓடுபாதையிலேயே நின்றது. நியூமேனின் காருக்கு அதுதான் வாய்ப்பு. ஆனால் பிட்டுக்குள் வந்தபோது ஒரு சக்கரத்தின் நட்டு இறுகிப்போய்க் கழல மறுத்தது. ஜாக்கியில் தூக்கி நிறுத்திய காரைச் சுற்றி மெக்கானிக்குகள் அந்த ஒற்றை நட்டோடு மல்லுக்கட்ட, நிமிடங்கள் கரைந்தன. கிரெமர் கார் மீண்டும் உயிர்பெற்று வென்றது. நியூமேனுக்கு இரண்டாம் இடம். உலகப் புகழ்பெற்ற ஒரு முகம் அந்த நட்டின் முன்னால் எதற்கும் உதவவில்லை. 1983-இல் அவர் கார்ல் ஹாஸுடன் சேர்ந்து நியூமேன்/ஹாஸ் அணியைத் தொடங்கியபோதும், ஹாஸ் ஏற்கெனவே லோலா கார்களை அமெரிக்காவுக்கு இறக்குமதி செய்தவர், பந்தய அணி நடத்திப் பழகியவர். அது நெடுநேரப் பந்தய அணியல்ல என்பது உண்மைதான். ஆனாலும் 2008-இல் நியூமேன் இறந்த பிறகு மூன்று ஆண்டுகள் அது ஓடியது என்பதை இங்கே நினைவில் கொள்ளலாம்.

டெம்ப்ஸி சொந்த அணி, அடுத்தவர் பட்டறை என்ற இரண்டு வழிகளிலும் நடந்து பார்த்தவர். அதனால்தான் அவருடைய கதை இந்த வாதத்துக்கு நல்ல சோதனை. ஜோ ஃபாஸ்டர் என்ற ஓட்டுநரோடு சேர்ந்து அமெரிக்காவில் அவர் வளர்த்த டெம்ப்ஸி ரேசிங், மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார்களோடு போட்டியிட்டது. 2011 டேடோனா 24 மணி நேரப் பந்தயத்தில் ஜிடி பிரிவில் மூன்றாம் இடம் பெற்றது. பிறகு கார் மாறியது, போட்டித் தொடர் மாறியது, பிரிவும் மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் பட்டறை பாதி பாடத்தை மறந்து புதிதாகக் கற்க வேண்டியிருந்திருக்கும். 2013-இல் லெ மானுக்குப் போக அவர் எடுத்த முடிவுதான் திருப்பம். சொந்தக் காரைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போகாமல், தெற்கு ஜெர்மனியில் கெரோல்ட் ரீட் 1996-இல் தொடங்கிய புரோட்டான் காம்படிஷன் என்ற போர்ஷே பட்டறையோடு சேர்ந்தார்.

புரோட்டானுக்கு இது புதிய பழக்கமல்ல. அதற்கு முன் பல ஆண்டுகள் அந்த அணி ஃபெல்பர்மாயர்-புரோட்டான் என்ற பெயரில் ஓடியது. ஹோர்ஸ்ட் ஃபெல்பர்மாயர் ஆஸ்திரியாவில் கிரேன்களும் கனரக லாரிகளும் வைத்துத் தொழில் செய்தவர். பந்தயம் அவருக்கும் அவர் மகனுக்கும் ஆசை. 2010-இல் லெ மானின் ஜிடி2 பிரிவை அந்தப் பெயரில்தான் வென்றார்கள். அந்தக் காரின் எண்ணும் 77. ஆக, 2013-இல் நடந்ததைப் பட்டறையின் பக்கம் நின்று பார்த்தால், கிரேன் முதலாளி இருந்த இடத்தில் ஒரு நடிகர் வந்து சேர்ந்தார், அவ்வளவுதான். அந்த ஆண்டு இத்தாலியக் கால்பந்து வீரர் அலெசாண்ட்ரோ டெல் பியெரோவின் பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது. தொலைக்காட்சி அதை நடிகரின் கனவாகச் சித்தரித்து ஓர் ஆவணத் தொடரே எடுத்தது. பட்டறைக்கு அது இன்னொரு சீசன்.

இதெல்லாம் வெறும் விளம்பரத்துக்கு என்று சொல்பவர்களுக்குப் பதில் அந்த 2013 பந்தயத்திலேயே இருக்கிறது. தொடங்கிச் சுமார் பத்து நிமிடங்களில், அதே ஜிடிஇ ஆம் பிரிவில் ஆஸ்டன் மார்ட்டின் ஓட்டிய டென்மார்க்கின் ஆலன் சைமன்சன் விபத்தில் உயிரிழந்தார். விளம்பரப் படம் எடுப்பவர்கள் இத்தகைய இடத்தைத் தேர்ந்தெடுப்பதில்லை. அந்தப் பந்தயத்தில் டெம்ப்ஸியின் கார் பிரிவில் நான்காவதாக வந்தது. 2015 ஏப்ரலில் அவருடைய டாக்டர் பாத்திரம் தொடரில் இறந்துபோனது. அந்த ஆண்டு உலக நெடுநேரச் சாம்பியன்ஷிப்பில் அவர் இறங்கினார். ஜூனில் லெ மானில் பிரிவில் இரண்டாம் இடம், அக்டோபரில் ஜப்பானின் ஃபூஜி தடத்தில் வெற்றி.

இதற்கு மறுப்பு கொஞ்சம் வலுவானது. போர்ஷேயின் தொழிற்சாலை ஓட்டுநரான பேட்ரிக் லாங்கும் மார்கோ ஸீஃப்ரீடும் கூட இருந்தபோது, நடிகர் சும்மா உட்கார்ந்து வந்திருந்தாலே போதுமே என்பார்கள். போதாது. இந்தப் பிரிவில் தொழில்முறை ஓட்டுநர்களுக்குள் வேக வித்தியாசம் சொற்பம். அணிகளைப் பிரித்துக் காட்டுவது பிரான்ஸ் தர ஓட்டுநர்தான். அவர் எவ்வளவு குறைவாக இழக்கிறார் என்பதே கணக்கு. 2015 லெ மானில் பிரிவில் முன்னிலையில் இருந்தது 98-ஆம் எண் ஆஸ்டன் மார்ட்டின். 24 மணி நேரம் முடிய ஒரு மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தபோது, அதன் ஓட்டுநர்களில் ஒருவரான கனடியத் தொழிலதிபர் பால் டல்லா லானா காரைத் தடுப்பில் மோதினார். டெம்ப்ஸியின் கார் ஓர் இடம் முன்னேறியது அப்படித்தான். காரை முழுசாகத் திருப்பிக் கொண்டுவந்து அடுத்தவரிடம் கொடுப்பது பார்வையாளருக்குச் சுவையற்ற திறமை. நெடுநேரப் பந்தயத்தில் அதற்கு விலை அதிகம். டெம்ப்ஸியிடம் அது இருந்தது.

அப்படியானால் என் வாதம் கவிழ்ந்துவிட்டதா, நடிகரின் ஓட்டம்தானே கணக்கில் வருகிறது என்று கேட்கலாம். அவர் ஓட்டியபோது வந்தது. அவர் இருக்கையை விட்டிறங்கிய பிறகு அந்த பிரான்ஸ் நாற்காலியில் அமர்ந்தவர் பட்டறை நிறுவனரின் மகன் கிறிஸ்டியன் ரீட். 2018-இல் லெ மானை வென்றவரும் அவரே. நடிகரின் இடத்தைப் பட்டறை தன் வீட்டு ஆளைக் கொண்டே நிரப்பிக்கொண்டது. பெயர் மட்டும் முகப்பில் தொங்கியது.

அப்படித் தொங்கிய பெயருக்கு ஓர் ஆபத்தும் உண்டு. உலக நெடுநேரச் சாம்பியன்ஷிப்பில் அப்போது எரிபொருள் நிரப்புவதற்கு ஒழுங்கு ஒன்று இருந்தது. நிரப்பும் நேரத்துக்குக் குறைந்தபட்ச அளவு உண்டு; அதைக் காரின் தரவுப் பதிவுக் கருவி குறித்துக்கொள்ளும். 2018 அக்டோபரில் ஃபூஜியில் டெம்ப்ஸி-புரோட்டானின் கார்களில் இந்தத் தரவு திருத்தப்பட்டிருந்ததை அதிகாரிகள் கண்டுபிடித்தார்கள். அந்தப் பந்தய முடிவு ரத்தானது. சீசனில் அதுவரை சேர்த்த சாம்பியன்ஷிப் புள்ளிகளும் பறிக்கப்பட்டன. லெ மான் கோப்பை மட்டும் தப்பியது. உலகெங்கும் தலைப்புச் செய்தியில் வந்த பெயர் டெம்ப்ஸி. கருவியைத் தொடும் தூரத்தில்கூட அவர் இருந்திருக்க மாட்டார். பெயர் கொடுப்பவர் வெற்றியில் பங்கு கேட்கிறார் என்றால் இந்தப் பங்கையும் வாங்கித்தான் ஆக வேண்டும், அதில் அநியாயம் ஒன்றுமில்லை என்று நினைக்கிறேன். ஆனாலும் பட்டறை இதையும் கடந்து வந்தது. 2023-ஓடு ஜிடிஇ பிரிவே ஒழிந்து எல்எம்ஜிடி3 என்ற புதிய பிரிவு வந்தபோது, புரோட்டான் உலகத் தொடரின் அந்தப் பிரிவில் போர்ஷேயை விட்டு ஃபோர்டு மஸ்டாங்குக்கு மாறி, தன் சொந்தப் பெயரில் நின்றது. டெம்ப்ஸி ‘ஃபெராரி’ படத்தில் பழைய பந்தய வீரர் பியெரோ தருஃபியாக நடித்தார்.

நம்மூரில் அஜித் குமார் 2024-இல் தொடங்கிய அணியையும் இந்தக் கண்ணோடு பார்க்கலாம். 2003-இல் ஃபார்முலா பிஎம்டபிள்யூ ஆசியா, 2010-இல் ஃபார்முலா 2 என்று ஏற்கெனவே ஓட்டிய அனுபவம் அவருக்கு உண்டு. 2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேரப் பந்தயத்துக்கு வந்தபோது, காரைத் தொழில்நுட்ப ரீதியாகப் பார்த்துக்கொண்டது பாஸ் குட்டன் ரேசிங் என்ற நெதர்லாந்துப் பட்டறை. பயிற்சியில் அஜித்தின் போர்ஷே தடுப்பில் மோதிச் சுழன்றது; அதற்குப் பின் தன் பெயர் தாங்கிய அந்தக் காரில் ஓட்டுவதில்லை என்று முடிவெடுத்து, வேறொரு அணியோடு சேர்ந்து இறக்கிய போர்ஷே கேமேனில் ஓட்டினார். ரசிகர்கள் கொண்டாடியது அவர் கையில் தேசியக் கொடி ஏந்தி ஓடிய காட்சியை. எனக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது, முதலாளியே இருக்கையை விட்டிறங்கிய அந்த முடிவு. மாத்யூ டெட்ரி, ஃபேபியன் டுஃபியூ, கேமரன் மெக்லியாட் ஆகிய மூவரும் அந்தக் காரை இரவும் பகலும் ஓட்டி, பிரிவில் மூன்றாம் இடத்துக்குக் கொண்டுவந்தார்கள்.