ராத்திரி 2 மணிக்கு ஆஸ்பத்திரியில யாரைக் கேட்கணும்? 'நைட் சூப்பர்வைசர்' பற்றித் தெரிஞ்சுக்கோங்க!

மந்தைவெளியில் பறக்கும் ரயில் சத்தம் ஓய்ந்து, கடைகளெல்லாம் ஷட்டரை இறக்கியாச்சு. தாத்தாவுக்குத் திடீர்னு மூச்சு வாங்குது. ஆட்டோ பிடிச்சு மயிலாப்பூர் பக்கமோ, ராயப்பேட்டை பக்கமோ ஓடுறீங்க. அட்மிஷன் முடிஞ்சு, நீங்கதான் அட்டெண்டர். மணி 2. தாத்தா முகம் சரியில்லைனு தோணுது. யாரைக் கேட்பீங்க?

பெல் அடித்தால் வருபவர் வார்டு நர்ஸ். அவருக்கும் மேலே, எல்லா வார்டுகளுக்கும் பொறுப்பாக ஒருவர் விழித்திருப்பார். அவர்தான் நைட் சூப்பர்வைசர்.

யார் இவர்?

பல வருஷ அனுபவம் உள்ள சீனியர் நர்ஸ். ராயப்பேட்டை மருத்துவமனை போன்ற தமிழக அரசு மருத்துவமனைகளில் 'செவிலியர் கண்காணிப்பாளர்' என்பது ஸ்டாஃப் நர்ஸுக்கு மேலே உள்ள பதவி. தனியார் மருத்துவமனைகளில் நர்சிங் சூப்பர்வைசர், நைட் இன்சார்ஜ் எனப் பெயர் மாறும். சின்ன நர்சிங் ஹோம்களில் ஷிஃப்ட்டின் சீனியர் நர்ஸே இந்தப் பொறுப்பையும் பார்ப்பார்.

இது புதுப் பதவி இல்லை. 1854-ல் கிரிமியப் போரின்போது ஸ்குடாரி ராணுவ மருத்துவமனையில் விளக்கோடு ரவுண்ட்ஸ் போன ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேல், அங்கே நர்ஸ்களுக்குக் கண்காணிப்பாளராகத்தான் போயிருந்தார். அவர் பிறந்த மே 12-ஐத்தான் உலக செவிலியர் தினமாகக் கொண்டாடுறோம்.

ராத்திரி முழுக்க என்ன வேலை?

பகலில் நர்சிங் சூப்பரின்டெண்டென்ட், நிர்வாக அதிகாரி, துறைத் தலைவர்னு பத்துப் பேர் பார்க்கும் விஷயங்களில் பாதி, ராத்திரி இவர் தலையில்தான் விழும்.

* ஷிஃப்ட் மாறும்போது எந்த நோயாளி சீரியஸ், யாருக்குக் காலையில் ஆபரேஷன் எனக் கேட்டுக்கொள்வார்.

* ஒரு நர்ஸ் திடீர் லீவு போட்டாலோ, ஐ.சி.யூ நிரம்பினாலோ, எந்த வார்டிலிருந்து ஆளை மாற்றுவது என முடிவெடுப்பார்.

* எமர்ஜென்சியில் காத்திருப்பவருக்குக் காலி பெட் தேடித் தருவார்.

* மார்ஃபின் போன்ற வலி மருந்துகள் பூட்டில்தான் இருக்கும். அதை எடுத்தால் பதிவேட்டில் கணக்கு எழுதணும். அந்தக் கணக்கு சரியா இருக்கானு பார்ப்பதும் பல இடங்களில் இவர் பொறுப்பு.

* யாருக்காவது இதயத் துடிப்பு நின்றால், அவசரக் குழு வந்து சேர்ந்ததா, மற்ற நோயாளிகளை யார் பார்ப்பது என்பதைக் கவனிப்பார்.

* உயிரிழப்பு நேர்ந்தால், உறவினர்களிடம் உட்கார்ந்து பேசுபவரும் பெரும்பாலும் இவரே.

அந்த 3 மணி!

விடியற்காலை 3 முதல் 5 மணி வரை, உடலின் இயல்பான கடிகாரப்படி விழிப்பு ரொம்பக் குறையும் நேரம். தவறு நடக்க வாய்ப்பு அதிகம். அதனால்தான் இன்சுலின், ஹெப்பாரின் மாதிரி மருந்துகளை இரண்டு பேர் சரிபார்த்துக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தூக்கக் கலக்கத்தில் அது விட்டுப்போகாமல் பார்ப்பதற்கும் இந்த ரவுண்ட்ஸ் உதவுது. வேலை அவருடைய உடம்பையும் பாதிக்கும். இரவு ஷிஃப்ட் வேலையை 'புற்றுநோயை உண்டாக்கக்கூடும்' என்ற பிரிவில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2007-ல் சேர்த்தது. 2019-லும் அதை உறுதிசெய்தது.

நீங்க எப்போ கூப்பிடணும்?

மூச்சு வேகமாகுது (பெரியவர்களுக்கு ஓய்வில் நிமிஷத்துக்கு 12 முதல் 20 வரை இயல்பு), பேச்சு திடீர்னு குழம்புது, எழுப்பினாலும் சரியா முழிக்கலை, ரத்தம் கசியுது... இதில் எது நடந்தாலும் உடனே வார்டு நர்ஸிடம் சொல்லுங்க. "10 மணிக்கு நல்லா பேசினார், இப்போ என் பேரே தெரியலை" என்பது போல, என்ன மாறியிருக்குனு சொல்வது நல்லது.

சொல்லியும் யாரும் வந்து பார்க்கலையா? "நைட் சூப்பர்வைசர்கிட்ட பேசணும் சிஸ்டர்"னு நிதானமா கேளுங்க. இது புகார் இல்லை, உங்க உரிமை. டியூட்டி டாக்டரை வரவழைக்கவும், தேவைப்பட்டால் வீட்டிலிருக்கும் சீனியர் டாக்டருக்கு போன் போடச் சொல்லவும் அவரால் முடியும். 'தூக்கத்தைக் கெடுத்தா திட்டுவாங்களோ'னு தயங்காதீங்க. முழிச்சிருக்கிறதுதான் அவங்க டியூட்டியே.

அட்மிஷன் போட்டதும், "இன்னிக்கு நைட் சூப்பர்வைசர் யாரு, எப்படிக் கூப்பிடணும்?"னு ஒரு வார்த்தை கேட்டு போன்ல குறிச்சு வெச்சுக்கோங்க. காலையில டியூட்டி முடிஞ்சு அவர் கிளம்பும்போது, ஒரு "தேங்க்ஸ் சிஸ்டர்" சொல்லவும் மறந்துடாதீங்க!