உறுப்புகளில் குடியிருக்கும் பெருவிழுங்கிகள்

மேக்ரோஃபேஜ் எனப்படும் பெருவிழுங்கி, கிருமிகளையும் இறந்த செல்களையும் விழுங்கிச் செரிக்கும் நோய் எதிர்ப்புச் செல். 1882-இல் இத்தாலியின் மெசினா நகரில் இலியா மெச்னிக்கோவ் நட்சத்திர மீனின் லார்வாவுக்குள் முள்ளைச் செருகியபோது, செல்கள் அதை மொய்ப்பதைக் கண்டார். 1908-இல் பால் எர்லிக்குடன் நோபல் பரிசு பெற்றார். அன்றுமுதல் இச்செல்களைப் போர்வீரர்களாகவே பேசிவந்தோம். கிருமி நுழையாத நாளிலும் இவற்றுக்கு ஓய்வில்லை என்பது அதனால் மறைந்தே போனது.

மண்ணீரலைப் பார்த்தால் இது விளங்கும். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். வயதாகி விறைத்த அணுக்கள் மண்ணீரலின் குறுகிய இடுக்குகளில் நுழைய முடியாமல் தேங்க, அங்குள்ள பெருவிழுங்கிகள் அவற்றை விழுங்கி, ஹீமோகுளோபினை உடைத்து இரும்பைப் பிரிக்கின்றன. ஃபெரோபோர்ட்டின் என்ற வாயில் வழியே ரத்தத்துக்கு வரும் அந்த இரும்பு எலும்பு மஜ்ஜையைச் சேர்ந்து புதிய சிவப்பணுவாகிறது. மஜ்ஜைக்கு நாளொன்றுக்கு 20 முதல் 25 மில்லிகிராம் இரும்பு வேண்டும். குடல் உறிஞ்சித் தருவதோ 1 அல்லது 2 மில்லிகிராம்தான். மிச்சம் முழுவதும் பெருவிழுங்கிகள் மீட்டுத் தருவது. நாட்பட்ட அழற்சியில் ஹெப்சிடின் என்ற ஹார்மோன் கூடி அந்த வாயிலை மூடிவிடும். உடலில் இரும்பு இருந்தும் ரத்தசோகை வருவது இப்படித்தான். இரும்பு மாத்திரை இங்கே பெரிதாக உதவாது. அழற்சிக்குக் காரணமான அடிப்படை நோயைக் கவனிக்க வேண்டும்.

நுரையீரலின் காற்றுப்பைகள் சுருங்கி ஒட்டிக்கொள்ளாதபடி கொழுப்பும் புரதமும் கலந்த ஒரு படலம் அவற்றின் உட்புறம் பரவியிருக்கிறது. பழைய படலத்தை அகற்றுவதில் அங்குள்ள பெருவிழுங்கிகளுக்குப் பெரும்பங்கு உண்டு. இவை முதிர்வதற்கான சமிக்ஞைப் புரதத்தை உடலே எதிர்பொருள் சுரந்து முடக்கிவிட்டால், படலம் சேர்ந்து காற்றுப்பைகள் நிறைந்து மூச்சுத் திணறும். மயக்க மருந்து கொடுத்து, நுரையீரலை உப்புநீரால் கழுவுவது இதற்கான முக்கியச் சிகிச்சைகளுள் ஒன்று.

இதயத்திலும் இவை உண்டு. மேலறையிலிருந்து கீழறைக்கு மின்துடிப்பைக் கடத்தும் முடிச்சில் பெருவிழுங்கிகள் தசைச் செல்களோடு இணைந்திருப்பதும், அவற்றை நீக்கிய எலிகளில் அந்தக் கடத்தல் தடைபடுவதும் 2017-இல் வெளியாயின.

வளர்சிதை மாற்றத்தில் இவற்றின் பங்கு கொழுப்புத் திசுவில் தெரிகிறது. ஒல்லியான உடலில் இவை குறைவாக இருந்து இறந்த கொழுப்புச் செல்களை அகற்றுகின்றன. உடல் பருக்கும்போது எண்ணிக்கை பெருகி, இறந்த செல்களைச் சுற்றி வளையமாகச் சூழ்ந்து, டி.என்.எஃப். முதலிய அழற்சிப் புரதங்களைச் சுரக்கின்றன. பருத்த எலிகளில் டி.என்.எஃப். இன்சுலினின் வேலையைக் கெடுப்பதை 1993-இல் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மன் குழுவினர் காட்டினர். மனிதரிடம் அந்த ஒரு புரதத்தை மட்டும் தடுத்துப் பார்த்த தொடக்க ஆய்வுகளில் எலிகளில் கண்ட பலன் கிட்டவில்லை.