பாடகர் போன பின்னரும் பெயர் இருந்தது

ஒரு பத்திரிகையின் ஆசிரியர் மாறும்போதெல்லாம் ‘இது பழைய பத்திரிகை அல்ல’ என்று வாசகர்கள் கூறுவதை எனது தொழில் வாழ்வில் பல தடவைகள் கேட்டிருக்கிறேன். அச்சகமும் செய்தியாளர்களும் மாறாதிருந்தாலும் கூட அந்த எண்ணம் எளிதில் அகலுவதில்லை. இசைக்குழுவொன்றின் பிரதான பாடகர் மாறும்போதும் அதுவே நிகழுகிறது. அமெரிக்காவின் ‘மொலி ஹட்செற்’ குழு 1980 ஆம் ஆண்டு வெளியிட்ட ‘பீட்டின் த ஒட்ஸ்’ என்ற அல்பத்தின் கதை அத்தகையது.

புளோரிடா மாநிலத்தின் ஜக்சன்வில் நகரம் தென்மாநில ரொக் இசையின் தாயகங்களில் ஒன்று. அந்நகரில் உருவான ‘லினேட் ஸ்கினேட்’ குழுவின் பாடகர் ரொனி வான் சான்ற் 1977 ஒக்டோபர் 20 ஆம் திகதி விமான விபத்தில் உயிரிழந்தார். மறுவருடம் அதே நகரிலிருந்து மொலி ஹட்செற்றின் முதலாவது அல்பம் வெளிவந்தது. மூன்று கிற்றார்களின் முழக்கத்துக்கு மேலாக ஒலித்த டனி ஜோ பிரவுணின் கரகரத்த குரலே அக்குழுவின் அடையாளமாயிற்று. 1979 இல் வெளியான ‘பிளேர்ட்டின் வித் டிசாஸ்டர்’ பில்போர்ட் அல்பம் பட்டியலில் 19 ஆவது இடம்வரை சென்றது.

அந்த வெற்றியின் உச்சத்தில், 1980 இல் பிரவுண் விலகினார். நீரிழிவு நோயுடன் ஓயாத இசைப்பயணங்களை மேற்கொள்வது அவருக்குப் பெரும் சுமையாக இருந்தது. அவரது இடத்துக்கு ஜோர்ஜியாவைச் சேர்ந்த ஜிமி பரார் வந்தார். பிரவுணின் உறுமலைப் பிரதிபண்ண அவர் முனையவில்லை என்பதே எனது அபிப்பிராயம். அவருடைய குரல் தெளிவானது. உயர்ந்த சுரங்களை இலகுவில் எட்டக்கூடியது. இசையும் நேரடியான வன் ரொக் பாணியை நோக்கி நகர்ந்தது. ஆனால், தயாரிப்பாளர் ரொம் வேர்மனே. கிற்றார் கலைஞர்களும் அதே மூவரே. அட்டையில் இருந்ததும் முன்னைய இரு அல்பங்களைப் போன்று பிராங்க் பிரசெற்றா தீட்டிய போர்வீரனின் ஓவியமே. எதுவும் மாறவில்லை என்று அட்டை சொன்னது. ஊசி இசைத்தட்டைத் தொட்டதும் வேறு கதை கேட்டது.

அந்த அல்பம் 25 ஆவது இடத்தைப் பிடித்தது. 1981 இல் வந்த ‘டேக் நோ பிரிசனேர்ஸ்’ 36 ஆவது இடத்துடன் நின்றது. 1982 இல் பிரவுண் திரும்பினார். அவரது குரலுடன் 1983 இல் வெளியான அல்பமோ 59 ஆவது இடத்துக்கு மேல் செல்லவில்லை. சரிவுக்குப் பராரே காரணம் என்று கூறுவோர் இந்த இலக்கத்தையும் கவனத்தில் எடுக்கவேண்டும். காலமும் இரசனையும் மாறிக்கொண்டிருந்தன. பழைய குரலால் மாத்திரம் பழைய நாட்களை மீட்டெடுக்க முடியவில்லை.

பிரவுண் 2005 மார்ச்சில் காலமானார். ‘பீட்டின் த ஒட்ஸ்’ அல்பத்தில் பங்கேற்ற அறுவரில் பரார் உட்பட நால்வர் பின்னர் ‘கேற்றர் கன்றி’ என்ற வேறொரு பெயரில் ஒன்றுசேர்ந்து மேடையேறினர். மொலி ஹட்செற் என்ற பெயரோ அவர்களிடம் இருக்கவில்லை. பெயரை வேறு கலைஞர்கள் கொண்டுசென்றார்கள்.

பரார் 2018 இல் மறைந்தார். கிற்றார் கலைஞர் ஸ்ரீவ் ஹொலண்ட் 2020 இல் மறைந்ததுடன் அந்த அறுவரில் எவருமே இப்போது உயிருடன் இல்லை. ஆனால், பெயர் அவர்களைக் கடந்தும் வாழ்ந்தது. எனவே, இந்த அல்பத்தை ‘பிரவுண் இல்லாத அல்பம்’ என்று அல்லாமல், ஜிமி பரார் என்ற மனிதர் தனது சொந்தக் குரலில் பாடிய அல்பமாக ஒரு தடவை கேட்டுப்பார்ப்பதே அவருக்குச் செய்யக்கூடிய நியாயமாகும்.